எடிட்டரை விட்டு எழாமல் பில்ட்: சிமேக் டூல்ஸ் நீட்சியோடு இரண்டு வருடம்

புதிதாக ஒரு கோப்பு சேர்க்கிறீர்கள். டெர்மினலில் பில்ட் கொடுத்தால், அதாவது கோடை ஓடுகிற நிரலாக மாற்றச் சொன்னால், சுத்தமாக ஓடி முடிகிறது. ஆனால் எடிட்டரில் அதே கோப்பைத் திறந்தால் முதல் இன்க்ளூட் வரியிலேயே சிவப்புக் கோடு, அதற்குக் கீழே இருக்கிற பாதிப் பெயர்களுக்கும் சிவப்புக் கோடு, ஒரு ஃபங்ஷனின் பெயரைச் சொடுக்கி அது எழுதப்பட்ட இடத்துக்குத் தாவலாம் என்றால் அதுவும் நடக்காது. சி++ எழுதுகிறவர்கள் எல்லோரும் பார்த்த காட்சிதான் இது. கொஞ்ச நாளில் பழகியும் விடுகிறது. எனக்குக் கவலை அதில்தான்: சிவப்புக் கோடு என்றாலே பொய் என்று கண் பழகிவிட்டால், உண்மையான தவறுக்கு வருகிற கோட்டையும் நாம் பார்க்க மாட்டோம்.

இந்தத் தொல்லையை எனக்குத் தீர்த்து வைத்தது சிமேக் டூல்ஸ், சிமேக் என்கிற பில்ட் கருவியை உள்ளேயிருந்தே ஓட்ட விஎஸ் கோட் எடிட்டரில் கூடுதலாகப் போட்டுக்கொள்கிற நீட்சி. இரண்டு வருடமாகத் தினமும் இதில்தான் வேலை செய்கிறேன். ஒரு சின்ன நூலகம், ஒரு நடுத்தர சர்வர் ப்ராஜெக்ட், அப்புறம் கன்ஃபிகர் செய்யவே, அதாவது பில்டுக்கு முன் சிமேக் ஒருமுறை ஓடி முடிக்கவே, முக்கால் நிமிடம் பிடிக்கிற ஒரு பெரிய பழைய கோட் தொகுப்பு, மூன்றிலும் ஓட்டிப் பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன். நல்ல கருவி, தாராளமாகப் போடலாம். ஆனால் போட்டவுடன் அது தானாக அமைத்துக்கொள்கிற விதத்திலேயே விட்டுவிட்டால் பாதிப் பலன்தான் கிடைக்கும். மீதிப் பாதியை எப்படி வாங்குவது என்பதைச் சொல்லத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

முதலில் ஒரு விஷயம், ஏனென்றால் இது புரியாமல்தான் பலரும் இந்த நீட்சியோடு மல்லுக்கட்டுகிறார்கள். சிமேக் நேரடியாகக் கோடைக் கம்பைல் செய்வதில்லை. நாம் எழுதுகிற சிமேக்லிஸ்ட்ஸ் கோப்பைப் படித்து, நிஞ்சாவுக்கோ மேக்குக்கோ விஷுவல் ஸ்டூடியோவுக்கோ எக்ஸ்கோடுக்கோ தேவையான பில்ட் கோப்புகளை எழுதித் தருகிறது, அவ்வளவுதான். கம்பைலரைக் கூப்பிடுகிற வேலை அந்தக் கோப்புகளை வாங்கிக்கொள்கிற கருவியுடையது. கிட்வேர் நிறுவனம் இதை 2000-ஆம் ஆண்டுவாக்கில் உருவாக்கியபோது பின்னணியில் இருந்தது அமெரிக்க தேசிய மருத்துவ நூலகத்தின் பணத்தில் நடந்த மருத்துவப் பட ஆய்வு மென்பொருள் திட்டம். யூனிக்ஸ், விண்டோஸ் என்று எல்லா இடத்திலும் அது பில்ட் ஆக வேண்டியிருந்தது, அவரவர் இடத்தில் அவரவர் எடிட்டர் இருந்தது. அப்போது முறை எளிது: சிமேக்கை ஒருமுறை ஓட்டு, விஷுவல் ஸ்டூடியோவுக்கான ப்ராஜெக்ட் கோப்பு வரும், அதை எடிட்டரில் திற, வேலையை ஆரம்பி. ப்ராஜெக்ட் உருவாக்கம் எடிட்டருக்கு வெளியே, எடிட்டருக்கு முன்னால் நடந்தது.

இப்போது நாம் ப்ராஜெக்ட் கோப்பைத் திறப்பதில்லை, கோப்புறையைத் திறக்கிறோம். விஷுவல் ஸ்டூடியோவே 2017 பதிப்பில் சிமேக் கோப்புறையை அப்படியே திறக்கிற வசதியைக் கொண்டு வந்தது. விஎஸ் கோடில் அது பிறந்ததிலிருந்தே கோப்புறைதான். அப்படியென்றால் ப்ராஜெக்டை உருவாக்குகிற வேலையை யாராவது எடிட்டருக்கு உள்ளேயிருந்து கூப்பிட வேண்டும், கூப்பிட்டு வந்த விடையை எடிட்டருக்குப் புரிகிற மாதிரி சொல்லவும் வேண்டும். அந்த வேலையைத்தான் இந்த நீட்சி செய்கிறது. ஒரு தனி நிரலாளர் ஆரம்பித்த திட்டம் இது, பிறகு மைக்ரோசாஃப்ட் பொறுப்பெடுத்து நடத்துகிறது.

எனக்கு இதில் மிகவும் பிடித்த பகுதி கண்ணுக்குத் தெரியாத பகுதி. சிமேக்கிடமிருந்து தகவலை எப்படி வாங்குகிறது என்பது. எடிட்டர் நீட்சிகளில் பொதுவாக நடப்பது என்னவென்றால், இன்க்ளூட் பாதை எது, எந்த மேக்ரோ, சி++ 17-ஆ 20-ஆ என்பதையெல்லாம் நாமே எடிட்டரின் அமைப்புக் கோப்பில் இன்னொரு முறை எழுதுவோம். அதாவது ஒரே உண்மையை இரண்டு இடத்தில் வைத்திருப்போம், ஒரு மாதம் கழித்து இரண்டும் வேறு வேறாகியிருக்கும். சிமேக் 3.14-இல், அதாவது 2019-இல், ஃபைல் ஏபிஐ என்று ஒன்று வந்தது. பில்ட் கோப்புறைக்குள் குறிப்பிட்ட இடத்தில் ஒரு வெற்றுக் கேள்விக் கோப்பை வைத்துவிட்டால் போதும், அடுத்த முறை சிமேக் ஓடும்போது பக்கத்தில் பதில் கோப்புறை ஒன்றை உருவாக்கி, என்னென்ன டார்கெட்டுகள் (பில்டில் உருவாகிற நிரல்கள், நூலகங்கள்), ஒவ்வொன்றிலும் எந்தெந்தக் கோப்புகள், ஒவ்வொரு கோப்புக்கும் கம்பைலருக்குத் தருகிற கொடிகள் என்ன, என்ன இன்க்ளூட் பாதைகள், எந்தக் கம்பைலர் என்று எல்லாவற்றையும் ஜேசன் என்கிற உரை வடிவில் எழுதி வைத்துவிடுகிறது. எடிட்டர் அதைப் படித்தால் போதும். ஊகம் இல்லை, சிமேக்லிஸ்ட்ஸ் கோப்பைத் தானே அலசிப் பார்க்கிற குறுக்கு வழியும் இல்லை. இதற்கு முன்னால் சர்வர் முறை என்று ஒன்று 3.7-இல் வந்தது, எடிட்டர் சிமேக்கோடு உட்கார்ந்து பேசிக்கொண்டே இருக்க வேண்டும், 3.20-இல் அதை எடுத்துவிட்டார்கள். கேள்வியை வைத்துவிட்டுப் போ, பதிலை எழுதி வைக்கிறேன் என்கிற இந்த எளிய முறை எவ்வளவோ உறுதியானது. நான் டெர்மினலில் சிமேக்கை ஓட்டினாலும் பதில் புதுப்பிக்கப்படுகிறது, எடிட்டர் மூடியிருந்தாலும் சரி.

சரி, போட்டவுடன் என்ன நடக்கும் என்று பார்ப்போம். சிமேக்லிஸ்ட்ஸ் கோப்பு இருக்கிற கோப்புறையைத் திறந்தால், ஒரு கிட்டைத் தேர்ந்தெடு என்று கேட்கும். கிட் என்றால் கணினியில் இருக்கிற கம்பைலர்களைத் தேடிப் பிடித்து அது போட்டுக்கொள்கிற பட்டியலில் ஒன்று: இந்த ஜிசிசி, அந்த க்ளேங், இன்னொரு விஷுவல் ஸ்டூடியோ கம்பைலர் என்று. அப்புறம் வேரியன்ட், அதாவது தவறு தேடுவதற்கான டீபக்கா, வெளியிடுவதற்கான ரிலீஸா என்பது. இரண்டையும் சொன்னால் பில்ட் கோப்புறையை உருவாக்கி, நிஞ்சா இருந்தால் அதைப் பயன்படுத்தி கன்ஃபிகர் செய்து, எஃப் 7 அழுத்தினால் பில்ட். முதல் பத்து நிமிடத்தில் இவ்வளவும் நடந்துவிடும், சிவப்புக் கோடுகளும் காணாமல் போயிருக்கும். சொந்தமாக ஒரு ப்ராஜெக்ட் எழுதுகிறவருக்கு, கற்றுக்கொள்கிறவருக்கு, இது அருமையான தொடக்கம்.

ஒரு குழுவாக வேலை செய்கிறபோது கிட் என்கிற ஏற்பாடு தாங்காது. அந்தப் பட்டியல் ஒவ்வொரு கணினியிலும் தனித்தனி, தேர்வும் அவரவர் எடிட்டருக்குள் இருக்கிறது, கோடின் மாற்றங்களைப் பதிந்து வைக்கிற Git-க்குள் கோடோடு சேர்ந்து போவதில்லை. எங்கள் குழுவில் புதிதாகச் சேர்ந்த ஒருவருக்கு ஒரு சோதனை மட்டும் விழுந்துகொண்டே இருந்தது. எங்கள் யாருக்கும் விழவில்லை. இரண்டு நாள் தேடினோம். கடைசியில் பார்த்தால் அவர் வேறு கம்பைலரைத் தேர்ந்தெடுத்திருந்தார், அதுவும் அவர் தவறில்லை, எதைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்று நாங்கள் எங்கேயும் எழுதி வைக்கவில்லை. ஆளாளுக்குத் தெரியும் என்று நினைத்துக்கொண்டிருந்தோம்.

இதைவிட நுட்பமான ஒரு சிக்கலும் உண்டு, இதில் மாட்டாதவர்கள் குறைவு. டெர்மினலில் பழக்கத்தில் சிமேக்கை எந்தக் குறிப்பும் தராமல் ஓட்டினால், நிஞ்சா அல்லது மேக் ஜெனரேட்டரில் (எந்தக் கருவிக்குப் பில்ட் கோப்பு எழுத வேண்டும் என்கிற தேர்வு) பில்ட் வகை காலியாகவே இருக்கும். காலி என்றால் டீபக் தகவலும் சேராது, வேகப்படுத்தலும் நடக்காது, கம்பைலரின் இயல்பு எதுவோ அதுவே. எடிட்டரிலிருந்து ஓட்டினால் வேரியன்ட் டீபக் என்று போகும். இரண்டும் ஒரே பில்ட் கோப்புறையைப் பகிர்ந்துகொண்டு, இரண்டிலும் வேறு வேறு பில்ட் வகையைக் கொடுத்தால், ஒருவர் எழுதிய கேஷை (கொடுத்த மதிப்புகளைச் சிமேக் சேமித்து வைக்கிற இடம்) இன்னொருவர் மாற்றிக்கொண்டே இருப்பார், எல்லாக் கோப்புகளும் மறுபடி மறுபடி கம்பைல் ஆகும். ஜெனரேட்டரே வேறாக இருந்தால் முன்பு பயன்படுத்தியதோடு பொருந்தவில்லை என்று சிமேக் நின்றேவிடும். எடிட்டர் ஒரு உலகம், டெர்மினல் ஒரு உலகம் என்று ஆகிவிட்டால் ஒருங்கிணைப்பு என்று சொல்வதற்கு அர்த்தமே இல்லை.

இதற்கு மருந்து ப்ரீசெட். சிமேக் 3.19-இல் வந்தது, 2020-இல். எந்த ஜெனரேட்டர், எந்தக் கம்பைலர், எந்தப் பில்ட் கோப்புறை, என்னென்ன விருப்பங்கள் என்பதையெல்லாம் ஒரு ஜேசன் கோப்பில் பெயர் வைத்து எழுதி, சிமேக்லிஸ்ட்ஸ் கோப்புக்குப் பக்கத்திலேயே வைத்துவிடுவது. 3.20-இல் பில்டுக்கும் சோதனைக்கும் ப்ரீசெட் வந்தது, 3.23-இல் ஒரு ப்ரீசெட் கோப்பு இன்னொன்றைச் சேர்த்துக்கொள்கிற வசதி, 3.25-இல் கன்ஃபிகர், பில்ட், சோதனை எல்லாவற்றையும் ஒரே கட்டளையில் வரிசையாக ஓட்டுகிற ஒர்க்ஃப்ளோ ப்ரீசெட். இந்தக் கோப்பு இருப்பதைப் பார்த்தால் நீட்சி கிட், வேரியன்ட் இரண்டையும் ஒதுக்கிவிட்டு ப்ரீசெட் பெயர்களை மட்டும் காட்டும். அதாவது எடிட்டர் தன் சொந்த அபிப்பிராயத்தைக் கீழே வைத்துவிட்டு, ப்ராஜெக்ட் சொல்வதைக் கேட்கிறது. நான் இந்த நீட்சியைப் பற்றிப் பேசும்போதெல்லாம் யாரிடமும் முதலில் சொல்வது இதைத்தான்: உருவாக்கம் எடிட்டருக்குள் நடக்கட்டும், ஆனால் அதை எப்படி உருவாக்குவது என்கிற தகவல் எடிட்டருக்குள் இருக்கவே கூடாது.

நாங்கள் எழுதியிருக்கிற கோப்பு பெரிதொன்றும் இல்லை. அடிப்படை என்று மறைவான ஒரு ப்ரீசெட், அதில் நிஞ்சா ஜெனரேட்டர், பில்ட் கோப்புறையின் பாதையில் ப்ரீசெட்டின் பெயரே சேரும்படி ஒரு மாறி, கம்பைல் கட்டளைகளை எழுதித் தரச் சொல்லும் விருப்பம். அதிலிருந்து மரபாக எடுத்துக்கொள்கிற நான்கு: டீபக், ரிலீஸ், நினைவகத் தவறுகளைப் பிடிக்கிற சானிடைசரோடு ஒன்று, விண்டோஸுக்கு ஒன்று. ஒவ்வொன்றுக்கும் தனிப் பில்ட் கோப்புறை என்பதால் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குத் தாவினால் எல்லாம் மறுபடி கம்பைல் ஆவதில்லை. விண்டோஸ் ப்ரீசெட்டுக்கு ஒரு நிபந்தனை போட்டுவிட்டால் லினக்ஸில் இருப்பவருக்கு அந்தப் பெயரே கண்ணில் படாது. என் கணினியில் மட்டும் தேவைப்படுகிற விஷயங்களுக்கு யூசர் ப்ரீசெட் என்று தனிக் கோப்பு உண்டு, அதை Git-இல் சேர்க்காமல் ஒதுக்கிவிட வேண்டும். சேர்த்துவிட்டால் ஒருவருடைய வீட்டுக் கோப்புறைப் பாதை எல்லோருடைய கணினிக்கும் போய்ச் சேரும்.

ப்ரீசெட்டுக்கு மாறுகிறபோது ஒன்றைக் கவனியுங்கள். எடிட்டர் அமைப்பில் பில்ட் கோப்புறை, ஜெனரேட்டர் போன்றவற்றை முன்பு எழுதி வைத்திருந்தால் ப்ரீசெட் முறையில் அவை எடுபடாது. அமைப்பை மாற்றுகிறேன், ஒன்றும் நடக்கவில்லையே என்று குழம்புகிறவர்கள் பெரும்பாலும் இதில்தான் மாட்டியிருப்பார்கள். நீட்சி இதை இன்னும் உரக்கச் சொல்லியிருக்கலாம் என்பது என் கருத்து, எந்த அமைப்பு இப்போது செல்லாது என்று அந்த வரியிலேயே காட்டினால் எத்தனையோ பேருக்கு நேரம் மிச்சமாகும்.

அடுத்தது தானாகக் கன்ஃபிகர் ஆவது. சிமேக்லிஸ்ட்ஸ் கோப்பைச் சேமித்தால் உடனே மறுபடி கன்ஃபிகர் செய்கிற அமைப்பு இயல்பாகவே இயங்கும். சின்ன ப்ராஜெக்டில் இது சொர்க்கம். புதிய டார்கெட்டை எழுதி, சேமித்து, தலை நிமிர்வதற்குள் பக்கவாட்டுப் பட்டியலில் அது வந்திருக்கும், உள்ளே போய் எழுத ஆரம்பித்துவிடலாம். முக்கால் நிமிடம் கன்ஃபிகர் ஆகிற பெரிய ப்ராஜெக்டில் இதையே சகிக்க முடியாது, விரல் பழக்கத்தில் சேமித்தால்கூட ஓட ஆரம்பித்துவிடும். அங்கே அணைத்துவிட்டேன். அணைப்பதால் பெரிய இழப்பில்லை, சிமேக்லிஸ்ட்ஸ் கோப்பு மாறியிருந்தால் அடுத்த பில்டின்போது நிஞ்சாவே அதைக் கவனித்து முதலில் சிமேக்கை ஓட்டிவிட்டுத்தான் மேலே போகும், அப்படித்தான் உருவாக்கப்பட்ட பில்ட் கோப்பிலேயே எழுதியிருக்கிறது.

ஆனால் கோப்புறையில் இருக்கிற எல்லா சி++ கோப்புகளையும் குளோப் முறையில் அள்ளிக்கொள் என்று எழுதியிருந்தால் இந்தச் சங்கிலி அறுந்துபோகும். புதுக் கோப்பு சேர்த்தீர்கள், சிமேக்லிஸ்ட்ஸ் கோப்பில் ஒரு எழுத்தும் மாறவில்லை, அதனால் மறுபடி கன்ஃபிகர் செய்ய வேண்டும் என்று யாருக்கும் தெரியாது. எடிட்டருக்கு அந்தக் கோப்பு எந்த டார்கெட்டையும் சேராத அனாதை. இந்தக் கட்டுரையின் முதல் பத்தியில் சொன்ன சிவப்புக் கோடு பல நேரம் அதே அனாதைக் கதைதான், எடிட்டர் வைத்திருக்கிற பட்டியலில் அந்தக் கோப்பு இருக்காது. 3.12-இல் ஒவ்வொரு பில்டிலும் குளோபைச் சரிபார்க்கிற ஒரு குறிப்பு வந்தது, ஆனாலும் கோப்புகளின் பெயரைக் கையால் எழுதுங்கள் என்றுதான் சிமேக்கின் ஆவணமே சொல்கிறது. நானும் அந்தக் கட்சிதான். ஒரு வரி கூடுதலாக எழுதுவதில் கை தேய்ந்துவிடாது, அந்த ஒரு வரியால் எடிட்டர், பில்ட், Git வரலாறு மூன்றும் ஒரே பட்டியலைப் பார்க்கின்றன.

இனி க்ளேங்டி. மைக்ரோசாஃப்ட்டின் சி++ நீட்சியோடு சிமேக் டூல்ஸ் நேரடியாகப் பேசிக்கொள்ளும், நாம் செய்ய வேண்டியது எதுவும் இல்லை. ஆனால் எனக்கு எல்எல்விஎம் திட்டத்தின் க்ளேங்டி லாங்குவேஜ் சர்வர்தான் (கோடைப் படித்துத் தவறுகளையும் பெயர்களையும் எடிட்டருக்குச் சொல்கிற நிரல்) பிடிக்கும், பெரிய கோட் தொகுப்பில் பெயர் மாற்றுவதும் தாவுவதும் எனக்கு அதில் நன்றாக இருக்கிறது. இரண்டையும் ஒரே நேரத்தில் இயங்கவிடாதீர்கள், ஒரே தவறுக்கு இரண்டு சிவப்புக் கோடு வரும், ஒன்றையொன்று மறுக்கவும் செய்யும். மைக்ரோசாஃப்ட் நீட்சியில் இதே வேலையைச் செய்கிற இன்டெலிசென்ஸை மட்டும் அணைத்துவிட்டு டீபக் செய்வதற்கு அதை வைத்துக்கொள்ளலாம், நான் அப்படித்தான் வைத்திருக்கிறேன்.

க்ளேங்டிக்கு ஃபைல் ஏபிஐ தெரியாது. ஒவ்வொரு கோப்பையும் எந்தக் கட்டளையால் கம்பைல் செய்ய வேண்டும் என்று வரிசையாக எழுதியிருக்கிற கம்பைல் கமாண்ட்ஸ் ஜேசன் கோப்புதான் அதற்கு வேண்டும். திறந்திருக்கிற கோப்பின் மேல்நிலைக் கோப்புறைகளிலும், அவற்றுக்குள் பில்ட் என்ற பெயரில் இருக்கிற கோப்புறையிலும் தேடும். எங்களுடையது போல ப்ரீசெட் பெயரில் உள்ளே இன்னொரு கோப்புறை இருந்தால் கண்டுபிடிக்காது. அதற்காகவே சிமேக் டூல்ஸில் ஒரு அமைப்பு இருக்கிறது, கன்ஃபிகர் முடிந்தவுடன் அந்தக் கோப்பை நாம் சொல்கிற இடத்துக்கு நகலெடுத்துத் தரும். ப்ராஜெக்டின் வேருக்கு நகலெடுக்கச் சொல்லிவிட்டு, Git-இல் அந்தப் பெயரை ஒதுக்கிவிட்டால் முடிந்தது. ப்ரீசெட்டை மாற்றினால் நகலும் மாறும், சானிடைசர் பில்டுக்கு மட்டும் உரிய மேக்ரோவுக்குள் இருக்கிற கோட் எடிட்டரில் மங்கலிலிருந்து தெளிவாக மாறும். சின்ன விஷயம்தான், ஆனால் இப்போது நான் எந்த பில்டில் இருக்கிறேன் என்பதை என் கண்ணே சொல்லிவிடுகிறது.

இந்த வழியில் மூன்று குழிகள் இருக்கின்றன. விஷுவல் ஸ்டூடியோ ஜெனரேட்டரும் எக்ஸ்கோட் ஜெனரேட்டரும் அந்தக் கோப்பை எழுதுவதே இல்லை, விருப்பத்தை இயக்கினாலும் பேசாமல் போய்விடும், அதனால் விண்டோஸிலும் நிஞ்சாவே வைத்துக்கொள்ளுங்கள். இரண்டாவது, அந்தப் பட்டியலில், மற்றக் கோப்புகள் இன்க்ளூட் செய்துகொள்கிற ஹெடர் கோப்புகளுக்கு இடமில்லை, கம்பைல் ஆகிற கோப்புகள் மட்டும்தான் இருக்கும், ஹெடருக்குப் பெயரில் நெருக்கமான ஒரு கோப்பின் கட்டளையைக் க்ளேங்டி இரவல் வாங்கிக்கொள்கிறது. பெரும்பாலும் சரியாக இருக்கும், தனியாக நிற்கிற ஹெடரில் சில நேரம் தப்பும். மூன்றாவது, சிறு கருவிகளில் ஓடுகிற நிரலை நம் கணினியிலேயே உருவாக்குகிற கிராஸ் கம்பைலர் வைத்து வேலை செய்கிறவர்களுக்கு: அந்தக் கம்பைலரின் உள்ளமைந்த ஹெடர்கள் எங்கே என்று க்ளேங்டிக்குத் தெரிய வேண்டுமென்றால், அந்தக் கம்பைலரை ஓட்டிக் கேட்கலாம் என்று க்வெரி ட்ரைவர் கொடியில் வெளிப்படையாக அனுமதி தர வேண்டும். தராவிட்டால் அடிப்படை ஹெடர்களுக்கே சிவப்புக் கோடு வரும், பலர் அங்கேயே நம்பிக்கை இழந்துவிடுகிறார்கள்.

டீபக் செய்வதில் ஒரு குழப்பம் மட்டும் சொல்லிவிடுகிறேன். எஃப் 5 விஎஸ் கோடின் சொந்தப் பொத்தான், அது லாஞ்ச் ஜேசன் கோப்பைத் தேடும். சிமேக் டார்கெட்டை டீபக் செய்ய கன்ட்ரோல் எஃப் 5, சும்மா ஓட்ட ஷிஃப்ட் எஃப் 5. நிரலுக்கு வாதங்கள் தர வேண்டுமென்றால் லாஞ்ச் ஜேசன் எழுதிக்கொள்ளலாம், அதில் நிரலின் பாதையை நேரடியாக எழுதாமல் சிமேக் டூல்ஸ் தருகிற மாறியைப் போட்டால் இப்போது தேர்ந்தெடுத்திருக்கிற டார்கெட் எதுவோ அதன் பாதை தானாக வந்துவிடும்.

ஆனால் நான் உண்மையில் வியந்து பார்த்த டீபக்கர் வேறு. சிமேக் 3.27 முதல் சிமேக் ஸ்கிரிப்டையே டீபக் செய்யலாம், 2023-இல் வந்தது. சிமேக்லிஸ்ட்ஸ் கோப்பில் ஒரு வரியில் பிரேக்பாயின்ட் வைத்து, டீபக்கரோடு கன்ஃபிகர் செய் என்று கொடுத்தால் அந்த வரியில் வந்து நிற்கும். மாறிகள் ஒரு பக்கம், கேஷில் இருப்பவை ஒரு பக்கம், எந்தக் கோப்பிலிருந்து எந்தக் கோப்புக்கு வந்தோம் என்கிற அடுக்கு ஒரு பக்கம். இத்தனை வருடம் சிமேக்கில் ஏதாவது புரியவில்லையென்றால் மெசேஜ் மெசேஜாக அச்சிட்டுப் பார்ப்பதுதான் ஒரே வழியாக இருந்தது. பெரிய பழைய ப்ராஜெக்டில் ஒரு விருப்பத்தின் இயல்பு மதிப்பை ஆன் என்று மாற்றியிருந்தோம், சிலருக்கு மட்டும் அது ஆஃபாகவே இருந்தது. நான்காவது வரியில் பிரேக்பாயின்ட் வைத்துப் பார்த்தேன், கேஷில் பழைய ஆஃப் அப்படியே உட்கார்ந்திருந்தது. ஒரு விருப்பம் கேஷில் ஒருமுறை ஏறிவிட்டால் கோப்பில் இயல்பு மதிப்பை மாற்றினாலும் கேஷில் இருப்பதுதான் செல்லும், சிமேக் அப்படித்தான் வேலை செய்கிறது, எனக்குப் புத்தக அறிவாகத் தெரிந்திருந்த ஒன்றைக் கண்ணால் பார்த்தது அன்றுதான். கேஷை அழித்துவிட்டுக் கன்ஃபிகர் செய்கிற கட்டளை நீட்சியிலேயே இருக்கிறது, டெர்மினலில் 3.24 முதல் ஃப்ரெஷ் என்ற கொடி அதைச் செய்யும். ஆனால் எல்லாவற்றுக்கும் கண்ணை மூடிக்கொண்டு கேஷை அழிக்கிற பழக்கம் வேண்டாம், ஏன் மாறவில்லை என்று ஒருமுறையாவது நின்று பாருங்கள், சிமேக் புரிய ஆரம்பிப்பதே அப்போதுதான்.

சோதனைகள் பக்கவாட்டுப் பலகையில் வரும், ஒன்றைச் சொடுக்கி ஓட்டலாம், டீபக் செய்யலாம். கூகிள் டெஸ்ட் என்கிற சோதனை நூலகத்தைப் பயன்படுத்துகிறவர்களுக்கு ஒரு குறிப்பு: தனித்தனிச் சோதனைகளின் பெயர்கள் பெரும்பாலும் பில்ட் முடிந்த பிறகுதான் கண்டுபிடிக்கப்படுகின்றன, அதனால் கன்ஃபிகர் ஆனவுடன் பட்டியல் காலியாக இருந்தால் பயப்படாமல் ஒருமுறை பில்ட் செய்யுங்கள். தொலைவில் இருக்கிற கணினியிலோ கன்டெய்னரிலோ வேலை செய்தால் நீட்சி அந்தப் பக்கத்தில்தான் ஓடும், அங்கே இருக்கிற சிமேக்கையும் கம்பைலரையும்தான் பார்க்கும், எனக்கு அதில் ஒரு சிக்கலும் வரவில்லை.

மற்றவற்றோடு ஒப்பிட்டால்? ஜெட்பிரெயின்ஸின் சிலயன் எடிட்டர் ஆரம்பத்திலிருந்தே சிமேக்கைச் சுற்றிக் கட்டப்பட்டது, போட்டவுடன் கிடைக்கிற அனுபவம் அதில் கூடுதல் வழவழப்பு. க்யூட் என்கிற நூலகத் தொகுப்பில் வேலை செய்கிறவர்களுக்கு க்யூட் கிரியேட்டர் இயல்பான இடம், 2020-இல் வந்த க்யூட் 6 தன்னையே பில்ட் செய்யச் சிமேக்குக்கு மாறிய பிறகு இன்னும் அதிகமாக. இரண்டும் ப்ரீசெட்டைப் படிக்கின்றன, அதனால் குழுவில் ஒருவர் அதிலும் ஒருவர் இதிலும் இருக்கலாம். நீங்கள் சிமேக்குக்குப் பதிலாக மீசான் என்கிற பில்ட் கருவியைப் பயன்படுத்தினால் எடிட்டர் ஒருங்கிணைப்பில் உங்களுக்குப் பாதி வேலை முடிந்த மாதிரிதான், நிஞ்சாவோடு ஓடும்போது கம்பைல் கட்டளைக் கோப்பைக் கேட்காமலே எழுதித் தந்துவிடும். பேஸல் என்கிற இன்னொரு பில்ட் கருவியில் இப்படி ப்ராஜெக்டை உருவாக்குகிற படியே கிடையாது, அந்தக் கோப்பை எடுக்கத் தனிக் கருவி சேர்க்க வேண்டும். வெறும் மேக்ஃபைல் என்றால் பேர் (Bear) என்கிற சின்னக் கருவி பில்ட் ஓடும்போது பக்கத்தில் நின்று ஒவ்வொரு கட்டளையையும் குறித்துக்கொண்டு கோப்பாகத் தரும், முழு பில்டை ஒருமுறை ஓட்ட வேண்டும் என்பதுதான் அதன் விலை.

குறை என்று பார்த்தால், ஒரே கோப்புறைக்குள் பல தனித்தனி சிமேக் ப்ராஜெக்டுகள் இருக்கிற பெரிய கிடங்குகளில் எது இப்போது இயங்குகிறது என்று பின்தொடர்வது சிரமம், ப்ராஜெக்டை மாற்றுகிற வசதி இருந்தாலும் அடிக்கடி மாற்றுகிற வேலைக்கு அது தோதாக இல்லை. அவுட்புட் பலகையில் சிமேக் சொல்வதும் நீட்சி சொல்வதும் கலந்து ஓடுகின்றன, கன்ஃபிகர் விழுந்தால் உண்மையான காரணம் பல வரிகளுக்கு மேலே எங்கோ இருக்கும், மேலே போய்த் தேட வேண்டும். அமைப்புகளின் எண்ணிக்கையும் மிக அதிகம். ப்ரீசெட்டில் எழுதக்கூடிய எதையும் அமைப்பில் எழுத வேண்டாம் என்று ஒரே ஒரு விதி வைத்துக்கொண்டேன், என் அமைப்புக் கோப்பில் இப்போது இருப்பது மூன்று வரி.

எங்கள் குழுவில் ஈமேக்ஸை விட்டு வரவே மாட்டேன் என்று ஒருவர் இருக்கிறார், இன்னொருவர் விம். கோடைச் சேர்க்கும்போது தானாக ஓடுகிற சோதனைச் சர்வரில் எடிட்டரே கிடையாது. எல்லோரும் கொடுப்பது ஒரே ப்ரீசெட் பெயர். போன வாரம் சர்வரில் மட்டும் ஒரு சோதனை விழுந்தது. அந்த ப்ரீசெட்டை எடிட்டரில் தேர்ந்தெடுத்தேன், கன்ஃபிகர் ஆனது, எஃப் 7 கொடுத்தேன், சோதனைப் பலகையில் அதே இடத்தில் அதே மாதிரி விழுந்தது. அங்கேயே பிரேக்பாயின்ட் வைத்து, மதியத்துக்குள் சரிசெய்து அனுப்பிவிட்டேன்.